125 லீற்றர் டீசல்

2022 ஜூன் கடைசியில் இலங்கையில் ஒரு லீற்றர் டீசல் 460 ரூபாவுக்குப் போனது. அதற்கு முந்தைய டிசம்பரில் 121 ரூபாதான். ஹட்டனிலும் நுவரெலியாவிலும் எண்ணெய் நிலையங்களுக்கு முன்னால் வாகனங்கள் இரவு பகலாக வரிசையில் கிடந்த காலம் அது. ஓடிய தூரமும் ஊற்றிய எண்ணெயும் எழுதும், அதுவரை யாரும் புரட்டிப் பார்க்காத ரன்னிங் சார்ட்டுகள், தேயிலைத் தோட்டக் கம்பெனிகளின் தலைமை அலுவலக மேசைகளுக்கு வந்தன. டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றின் பங்களாச் சாரதிக்கு வேலை போனது அப்படித்தான்.

அவர் ஓட்டிய, தோட்ட முகாமையாளரான பெரிய துரையின் ஜீப் ஏழு பேர் அமரும் கனத்த டீசல் வண்டி. லீற்றருக்கு 12 கிலோமீற்றர் ஓடும் என்று அதன் விளம்பரப் புத்தகம் சொன்னது. சார்ட்டில் விழுந்திருந்த சராசரி 7. மாதம் 2,100 கிலோமீற்றர் ஓட 175 லீற்றர் போதும், போட்டதோ 300. ஆகவே மிச்சம் 125 லீற்றரையும் சாரதி விற்றுவிட்டார் என்பது குற்றச்சாட்டு. 121 ரூபாவுக்கும் அதற்குக் குறைவாகவும் வாங்கிய டீசலை 460 ஆல் பெருக்கி நட்டம் காட்டியிருந்தார்கள். உள்ளக விசாரணை என்று ஒன்றை நடத்தி முடித்து வேலைநீக்கக் கடிதமும் கொடுத்தார்கள்.

“சேர், ஒரு சொட்டுக்கூட எடுக்கலைங்க. வண்டி குடிச்சதைத்தான் எழுதினேன்” என்றார் அவர். இருபது வருடங்களுக்கு மேல் அதே தோட்டத்தில் ஸ்டியரிங் பிடித்தவர், லயத்திலேயே பிறந்தவர். மோசடி, கையாடல் என்று வேலைநீக்கினால், ஏற்பட்ட நட்டத்தின் அளவுக்குப் பணிக்கொடையையும் பிடித்துக்கொள்ள 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டம் இடம் கொடுக்கிறது. 460 ஆல் பெருக்கிய அந்தக் கணக்கு நின்றிருந்தால் அவருடைய ஆயுட்கால உழைப்பில் பெரும்பகுதி அதோடு போயிருக்கும்.

ஆறு மாதக் கெடுவுக்குள் தொழில் நியாயசபையில் விண்ணப்பம் போட்டோம், அவருக்காகப் பேசியது நான். நீக்கியது நியாயம் என்று காட்டும் பொறுப்பு முதலாளியுடையது. ஆனால் களவுக் குற்றச்சாட்டானாலும் நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் நிரூபிக்கத் தேவையில்லை, எது கூடுதல் சாத்தியம் என்று பார்த்தால் போதும் என 1975இல் அசோசியேட்டட் பற்றரி வழக்கில் உயர் நீதிமன்றம் சொல்லியிருந்தது. அதனால் வெறும் சந்தேகத்தைக் கிளப்பி நான் தப்பிக்க முடியாது. அந்த ஜீப் உண்மையிலேயே 7தான் ஓடும் என்று காட்டியாக வேண்டும்.

கம்பெனியின் கணக்காளர் சாட்சிக்கு வந்தார். 12 என்ற எண்ணின் கீழே பொடி எழுத்தில் இருந்ததை வாசிக்கச் சொன்னேன். ஐரோப்பியப் பரிசோதனை முறைப்படி அளந்தது என்றிருந்தது. “எந்த ரோட்டில் அளந்தார்கள்?” தெரியாது என்றார். ரோடே கிடையாது. அந்தப் பழைய முறையில் வண்டியை ஆய்வுகூடத்தில் உருளைகள்மேல் நிறுத்தி, ஏசியை அணைத்து, 1,180 வினாடிகளில் 11 கிலோமீற்றர் ஓட்டுவார்கள். ஏற்றமில்லை, வளைவில்லை, மழையில்லை. வோக்ஸ்வாகனின் புகைப் பரிசோதனை மோசடி வெளிவரக் காரணமான ஐ.சி.சி.ரி. ஆய்வு நிறுவனம், 2015இல் ஐரோப்பாவின் புதிய கார்கள் அறிவித்த எண்ணைவிடச் சராசரியாக 42 வீதம் கூடுதலாகக் குடித்தன என்று கணக்கிட்டது. 2017இலிருந்து அங்கே அந்த முறையையே மாற்றினார்கள். அந்த 42 வீதத்தை எங்கள் ஜீப்புக்குப் போட்டால் 12 எட்டரை ஆகிவிடும். இன்னும் ஹட்டன் ஏற்றம் ஏறவில்லை.

கித்துல்கலையிலிருந்து ஹட்டனுக்கு ஆயிரம் மீற்றருக்கு மேல் உயரம். இரண்டேகால் தொன் வண்டியை அவ்வளவு தூக்குவதற்கு மட்டுமே இரண்டு லீற்றர் டீசல் வேண்டும். இறங்கும்போது அந்தச் சக்தி பிரேக்கில் சூடாகிப் போகிறது, டேங்குக்குத் திரும்புவதில்லை. தோட்டத்துக்குள் முதலாம், இரண்டாம் கியர்தான். துரை இறங்கி மலையைப் பார்த்து வரும்வரை எஞ்சின் ஓடிக்கொண்டே நிற்கும். மணிக்கு ஏறக்குறைய ஒரு லீற்றர் அதிலேயே போகும்.

இதெல்லாம் வாதம். சாட்சியம் சார்ட்டுக்குள்ளேயே கிடந்தது. 2021 தீபாவளிக்குச் சாரதி லீவில் போயிருந்தார். அந்த நாட்களில் ஜீப்பை ஓட்டியது உதவி முகாமையாளரான சின்ன துரை, கையெழுத்தும் அவருடையது. அந்தப் பக்கங்களைக் கணக்காளரிடம் கொடுத்து, சபையின் முன்னாலேயே கூட்டி வகுக்கச் சொன்னேன். பேனாவால் இரண்டு முறை போட்டுப் பார்த்தார். ஏழைவிடச் சற்றுக் குறைவு. “அப்படியானால் சின்ன துரையும் டீசல் விற்றாரா?” என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை.

அடுத்த தவணைக்கு முன்பே சமரசம் பேச வந்தார்கள். ஒரு தொகை தருகிறோம், குற்றச்சாட்டைப் பற்றி இரு தரப்பும் எதுவும் சொல்லாமல் முடிப்போம் என்றார்கள். நல்ல தொகைதான். “காசை வாங்கிட்டு வந்தா டீசல் கள்ளன்ங்கிற பேரு போகுமாங்க?” என்று கேட்டார் அவர். மறுத்துவிட்டோம்.

பிறகு இரு தரப்பும் சேர்ந்து அளந்தோம். கம்பெனி தெரிந்தெடுத்த வேறொரு சாரதியே ஓட்டினார். ஹட்டனில் டேங்கின் கழுத்துவரை ஊற்றி, நுரை அடங்கும்வரை காத்திருந்து மறுபடி ஊற்றினோம். தோட்டத்து ரோடுகள், தலவாக்கலை, நுவரெலியா என்று சுற்றிவிட்டு அதே பம்பில், அதே இடத்தில் நிறுத்தி, அதே மாதிரி நிரப்பினோம். லீற்றருக்கு 6.8.

வேலைநீக்கம் நியாயமற்றது, களவு நிரூபிக்கப்படவில்லை, பின்சம்பளத்தோடு மீண்டும் வேலையில் சேர்க்க வேண்டும் என்று கட்டளை வந்தது. கம்பெனி மேல் நீதிமன்றத்துக்குப் போகவில்லை. அவர் இப்போது கொழுந்து லொறி ஓட்டுகிறார், அவராகவே கேட்டு வாங்கிய வேலை. ஜீப்புக்குத் தோட்டம் வைத்திருக்கும் அளவு லீற்றருக்கு 7. அதற்குக் கீழே போனால் காரணம் எழுத ரன்னிங் சார்ட்டில் ஒரு கட்டம் சேர்த்திருக்கிறார்கள்.