பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்

வங்காளத்தில் எழுத்துப் படித்தவர்களுக்கு இரண்டு பையன்களை நன்றாகத் தெரியும். ஒருவன் கோபால். கொடுத்ததைச் சாப்பிடுவான், சொன்னதைக் கேட்பான், வகுப்பில் பாடத்தில் கண்ணாக இருப்பான். மற்றவன் ராக்கால். வழியெல்லாம் விளையாடிவிட்டுத் தாமதமாக வருவான், வகுப்பில் சண்டை பிடிப்பான், புத்தகத்தைத் தொலைப்பான். ஈஸ்வரசந்திர வித்யாசாகர் 1855இல் எழுதிய 'வர்ண பரிசய்' என்ற அரிச்சுவடியில் வருபவர்கள் இவர்கள். யாரைப் போல இருக்கவேண்டும் என்பதில் புத்தகத்துக்குச் சந்தேகமே இல்லை.

சந்தேகம் ரவீந்திரநாத் தாகூருக்கு வந்தது. வித்யாசாகரைப் பற்றி 1895இல் எழுதியபோது, சிறுவயதில் அவரே கோபாலைவிட ராக்காலைத்தான் அதிகம் ஒத்திருந்தார் என்று சுட்டிக்காட்டினார். இதைச் சொல்லும் தகுதி தாகூருக்கு உண்டு. பள்ளிக்கூடம் மாற்றி மாற்றிச் சேர்த்தும் எதிலும் நிலைக்காத பிள்ளை அவர். 1901இல் சாந்திநிகேதனில் தாமே பள்ளி தொடங்கியபோது வகுப்பை மரத்தடிக்குக் கொண்டுபோனார்.

ஆனால் அரிச்சுவடியில் இடம் கிடைக்காத மூன்றாவது பிள்ளை ஒன்று எல்லா வகுப்பிலும் உண்டு. சண்டை போடாது, பதிலும் சொல்லாது. கடைசி பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்திருக்கும். தொல்லை தராத பிள்ளை என்று வாத்தியாருக்கு நிம்மதி. ராக்காலுக்காவது நாளுக்கு நாலு திட்டு கிடைக்கிறது. இந்தப் பிள்ளைக்கு அதுவும் இல்லை. ஒருநாள் பள்ளிக்கு வராமல் நின்றுபோனால், இத்தனை நாள் அது எங்கே உட்கார்ந்திருந்தது என்று யோசிக்கவேண்டியிருக்கும்.

இந்தப் பிரச்னைக்கு விடை தேடுபவர்கள் கொல்கத்தாவின் தென்மேற்கில் இருக்கும் பெஹாலாவைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம். அங்கே டைமண்ட் ஹார்பர் ரோட்டில் கல்கத்தா பார்வையற்றோர் பள்ளி இருக்கிறது. 1897இல் அதைத் தொடங்கிய லால் பிஹாரி ஷா, வங்க மொழிக்கு பிரெயில் எழுத்து முறையை அமைத்துக் கொடுத்தவர்.

பார்வையற்ற குழந்தைகளுக்குப் பாடம் நடத்துபவருக்கு மற்ற வாத்தியார்களின் ஆயுதங்கள் எதுவும் உதவாது. கண்ணை உருட்டி மிரட்ட முடியாது. விரலை நீட்டி "நீ சொல்" என்றால் யாருக்கும் புரியாது. "இதைப் பார்" என்று கரும்பலகையைத் தட்டிவிட்டு நகர முடியாது. யாரிடம் பேசுகிறோமோ அவர் பெயரைச் சொல்லியாகவேண்டும். எதைப் பற்றிப் பேசுகிறோமோ அதைக் கையில் கொடுத்தாகவேண்டும். அங்கே பேசாத பிள்ளை மற்ற பிள்ளைகளுக்கு இல்லாத பிள்ளை. எனவே ஒவ்வொரு குரலையும் வெளியே கொண்டுவருவது கருணை அல்ல, வகுப்பு நடப்பதற்கே அடிப்படை.

பார்வையுள்ள பிள்ளைகளின் வகுப்புக்கும் இது பொருந்தும். ஒரே ஒரு சூட்சுமம்: கேள்வி முதலில், பெயர் பிறகு. பெயரை முதலில் சொன்னால் மற்றவர்கள் கேள்வியைக் காதில் வாங்கமாட்டார்கள். இரண்டுக்கும் நடுவே சற்றுப் பொறுக்கவும் வேண்டும். அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் வகுப்புப் பேச்சுகளைப் பதிவுசெய்து கேட்டபோது, கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் காத்திருந்தது ஏறத்தாழ ஒரே ஒரு விநாடி. அதை மூன்று விநாடியாக நீட்டியதும் பதில்கள் நீண்டன. மந்தம் என்று ஒதுக்கப்பட்டவர்களும் வாய் திறந்தார்கள். அப்போதும் கூச்சப்படும் பிள்ளையை முதலில் பக்கத்துப் பிள்ளையிடம் சொல்லச் சொல்லலாம். ஒருவர் காதில் சொன்னதை நாற்பது பேர் முன்னால் சொல்வது அத்தனை கஷ்டமில்லை.

ராக்கால்களுக்கு மருந்து வேலை. இது தமிழ்நாட்டுக்குப் பழைய சமாச்சாரம். திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பான். சென்னையில் அனாதைச் சிறுவர் விடுதிப் பள்ளியை நடத்திவந்த ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு தம் பள்ளியிலும் அப்படிச் செய்யச் சொன்னார். பெரியவர்களான ஆசிரியர்கள் முடியாது என்றார்கள். எட்டு வயதுப் பையன் ஒருவன் செய்து காட்டினான். 1797இல் பெல் எழுதிய நூலால் இது 'மதராஸ் முறை' என்று இங்கிலாந்து வரை போயிற்று. கொல்கத்தாவின் சியால்தா லொரேட்டோ பள்ளியில் சிஸ்டர் சிரில் 1980களில் தெருவோரச் சிறுமிகளைச் சேர்த்துக்கொண்டபோதும், அவர்களுக்குப் பாடம் சொன்னவர்கள் அதே பள்ளியின் மாணவிகள்தான். ஒரே எச்சரிக்கை: குறும்புக்காரனிடம் 'பேசியவர்கள் பெயர்' எழுதும் போலீஸ் வேலையைத் தரக்கூடாது. சொல்லிக்கொடுக்கும் வேலையைத் தரவேண்டும்.

கவனம் சிதறுவதற்குப் பல நேரம் காரணம் பாடத்தின் வேகம். ஒருவனுக்கு மெதுவாகவும் இன்னொருவனுக்கு வேகமாகவும் போகிற பாடத்தில் இருவருமே ஜன்னலைத்தான் பார்ப்பார்கள். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் தொடங்கிய செயல்வழிக் கற்றல் இதைத்தான் சரிசெய்யப் பார்த்தது. அவரவர் படியில் அவரவர் அட்டை, சுவரில் பிள்ளைகளுக்கு எட்டும் உயரத்தில் பலகை, பாயில் கூடவே உட்காரும் ஆசிரியர். அட்டையை எடுத்து அடுக்குவதே பாடமாகிப்போன வகுப்புகளும் இருந்தன. ஆனாலும் அமைதியான வகுப்புதான் நல்ல வகுப்பு என்ற நம்பிக்கையை அது அசைத்தது.

அடிப்பதை 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்துவிட்டது; மனத்தைப் புண்படுத்துவதையும்தான். பிரம்பைக் கீழே வைத்தபின் கையில் எதை எடுப்பது என்று பல ஆசிரியர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஒருவர் அறுபது பேரை வைத்துக்கொண்டு திண்டாடும் இடங்களில் உபதேசம் எடுபடாது.

இருந்தாலும் வருகைப் பதிவேடு எல்லா வகுப்பிலும் இருக்கிறது. காலையில் அதில் உள்ள எல்லாப் பெயர்களும் ஒருமுறை வாசிக்கப்படுகின்றன. மாலை மணி அடிப்பதற்குள் அவற்றில் எத்தனை பெயர்கள் இரண்டாவது முறை, திட்டுவதற்காக அல்லாமல், உச்சரிக்கப்பட்டன என்று ஒரே ஒருநாள் பென்சிலால் புள்ளி வைத்துப் பார்க்கலாம். புள்ளி விழாத பெயர்களிலிருந்து மறுநாள் பாடத்தைத் தொடங்கலாம்.