தேக்கு அலமாரியை விற்குமுன்

மயிலாப்பூரில் பழைய வீடு இடிபட்டு அடுக்குமாடி எழும்போது, பாட்டி காலத்துத் தேக்கு அலமாரி பெரும்பாலும் பாரமாகவே தெரிகிறது. அதைத் தள்ளிவிட்டு, பளபளக்கும் மரத்தூள் பலகை அலமாரியை வாங்குகிறோம். இது நஷ்ட வியாபாரம் என்பதற்குச் சென்னையின் ஈரக்காற்றே சாட்சி. மரத்தூளைப் பசையிட்டு அழுத்திய பலகை, நீர் பட்டால் உப்பிவிடும். ஒருமுறை பிடி விட்ட திருகு அதில் மறுபடி சரியாக நிற்காது. தேக்கின் வைரப்பகுதியிலோ இயற்கையாகவே எண்ணெய்ப்பசை உண்டு. ஈரத்தில் அதிகம் சுருங்கி விரியாது. 2015 டிசம்பரில் அடையாற்றங்கரை வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்ததை நினைத்தால், இந்த வேறுபாடு சின்ன விஷயமல்ல.

‘ஃப்ளாட்டில் இடம் ஏது?’ என்பது நியாயமான கேள்விதான். துணிக்குச் சரிப்படாத அலமாரி புத்தகத்துக்கோ பாத்திரத்துக்கோ ஆகும். கரையான்? வைரத்தை அது எளிதில் தொடாது. சுற்றியுள்ள வெளிறிய பகுதியைத்தான் அரிக்கும். ஆகவே பழசு வாங்குபவர்கள் முன்பக்க மெருகில் மயங்காமல், இழுப்பறையைக் கவிழ்த்து, முதுகுப் பலகையையும் பார்க்க வேண்டும். புதுமரத்துக்குச் சாயமேற்றி ‘பர்மா தேக்கு’ என்று சொன்னால், குட்டு அங்கேதான் உடையும். விலை கூடுதல் என்பதும் உண்மையே. ஆனால் பாலிஷ் போட்டால் இன்னொரு தலைமுறைக்கு வரும் பொருளையும், உப்பியதும் குப்பைக்குப் போகும் பொருளையும் ஒரே தராசில் நிறுக்கலாமா?