பத்தாவது பகுதி

பம்மல்வாசிகளுக்கு மூக்கு கொஞ்சம் பழகிப்போயிருக்கும். நாகல்கேணி பக்கமிருந்து காற்றடித்தால் தோல் வாடை. பக்கத்து ஊர் குரோம்பேட்டைக்குப் பெயர் வந்ததே குரோம் லெதர் கம்பெனியால்தான். அதனால் அந்த ஞாயிற்றுக்கிழமை பாத்ரூமிலிருந்து நெடி வந்தபோது நான் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. மனைவி இருமிக்கொண்டே ஓடி வந்தபோதுதான் தூக்கினேன்.

தரைக் கறை போகவில்லையென்று ஆசிட் ஊற்றி, அதன் மேலேயே ப்ளீச்சிங் பவுடரைத் தூவியிருக்கிறாள். இரண்டும் சேர்ந்தால் குளோரின். முதல் உலகப் போரில், 1915-ல், ஜெர்மன்காரர்கள் எதிரிகள் மேல் திறந்துவிட்டார்களே, அதே சரக்கு! தண்ணீர் ஊற்றிக் கழுவலாமென்று வீரமாக உள்ளே போன என்னைத் தடுத்தவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். தோல் ஷெட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

“உள்ளே போகாதீங்க சார். ஜன்னலைத் திறந்துட்டு அம்மாவை வெளிக்காத்துக்குக் கூட்டிட்டு வாங்க.”

அரை மணியில் இருமல் அடங்கியது. அப்புறம் திண்ணையில் உட்கார்ந்து சொன்னார்: “எங்க ஷெட்ல சல்பைடு ட்ரம்மையும் ஆசிட் கேனையும் ஒரே ரூம்ல வைக்க மாட்டோம்.” தோலிலிருந்து முடியை நீக்க சோடியம் சல்பைடு. அதில் ஆசிட் பட்டால் ஹைட்ரஜன் சல்பைடு, அழுகிய முட்டை வாடை. அளவு கூடினால் மூக்கு மரத்துவிடும். வாடை போய்விட்டதென்று நினைத்துத் தொட்டிக்குள் இறங்குபவர் ஏறி வருவதில்லை.

இதெல்லாம் காகிதத்தில் இருக்கிறது, தெரியுமோ? சேஃப்டி டேட்டா ஷீட் என்று பெயர். போபாலில் 1984-ல் என்ன வைத்தியம் செய்வதென்று தெரியாமல் டாக்டர்கள் தவித்தார்கள். அதற்குப் பிறகு வந்த 1989 விதிகள் அபாயமான ரசாயனங்களுக்கு இதைக் கட்டாயமாக்கின. இப்போது பல நாடுகளில் 16 பகுதிகள், ஒரே வரிசை. எல்லாவற்றையும் படித்தால் தூக்கம் வரும். நீங்கள் நாலாவதையும் பத்தாவதையும் மட்டும் பாருங்கள். நாலாவது முதலுதவி: ஆசிட் குடித்தவரை வாந்தியெடுக்க வைக்காதே என்றிருக்கும். நம் வீடுகளில் முதலில் தேடுவதே உப்புத் தண்ணீர்தான். இறங்கும்போது சுட்டது ஏறும்போதும் சுடும். பத்தாவதில், எது எதோடு சேரக்கூடாது என்ற பட்டியல்.

ஒரே வருத்தம், பெரும்பாலும் இங்கிலீஷில் இருக்கிறது. ட்ரம் உருட்டுபவருக்கு யார் படித்துச் சொல்வது? எங்கள் ஆசிட்டோ பழைய தண்ணீர் பாட்டிலில், லேபிளே இல்லாமல் கடையிலிருந்து வந்தது.

இப்போது ப்ளீச்சிங் பவுடர் மொட்டைமாடி ரூமில். ஆசிட், கிணற்றடியில். நடுவில் பதினெட்டுப் படிகள்.