கனத்த குழலின் விலை

பசு வாங்கப் போனால் பல்லைப் பார்க்கத் தெரிந்தவர்கள் நம்மில் உண்டு. வீணை வாங்கப் போனால் குடத்தைத் தட்டிப் பார்க்கத் தெரிந்தவர்களும் உண்டு. ரைபிள் என்றால் மட்டும் விலை கேட்கவே நாக்குக் குழறுகிறது. இது நம் சுபாவமன்று, பழக்கக் குறைவு. லைசென்ஸ் இன்றி இந்தியர் ஆயுதம் வைத்திருக்கலாகாது என்று 1878-இல் அந்நிய சர்க்கார் சட்டம் இயற்றிற்று. ஐரோப்பியருக்கோ விலக்கு அளித்தது. 1887-இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மகாசபையிலேயே விபின சந்திர பாலர் அதை எதிர்த்துப் பேசினார். இன்று அமலில் இருப்பது 1959-ஆம் வருஷத்துச் சட்டம். இதிலும் லைசென்ஸ் வேண்டும். ஆனால் தோலின் நிறத்தைக் கேட்பதில்லை.

என் தமையன் மகள் ஐம்பது மீட்டர் தூரத்தில் குறி சுடுகிறவள். 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் கோலாப்பூர் ஜில்லாவைச் சேர்ந்த ஸ்வப்னில் குசாலே இத்தகைய ரைபிளினால் வெண்கலப் பதக்கம் பெற்றதிலிருந்து, சங்கத்தின் பொது ரைபிள் அவளுக்குப் போதவில்லை. இருபத்தொரு வயதும் நிரம்பி, லைசென்ஸும் வந்தது. மன்னி தன் இரட்டைவடச் சங்கிலியை விற்கத் துணிந்தாள். அந்தச் சங்கிலி வீண்போகாமல் பார்க்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

இந்த ரைபிளின் குழல் ஏன் அத்தனை கனம் என்று பலர் கேட்கிறார்கள். சுடும் கணத்தில் குழல், மீட்டிய தந்திபோல் அதிர்கிறது. குழலின் பருமன் இரண்டு மடங்கானால் அதன் விறைப்பு ஏறக்குறையப் பதினாறு மடங்காகும், அதிர்வு அடங்கும். சூடேறுவதும் தாமதம். கையும் அலைவதில்லை. இலக்கின் நடு வட்டம் 10.4 மில்லிமீட்டர், அதாவது ஒரு கொண்டைக்கடலை அகலம் என்பதை நினைத்தால் இவையெல்லாம் அற்ப விஷயங்களல்ல. தோட்டத்தில் இரவெல்லாம் பன்றிக் காவல் நடப்பவருக்கோ இந்தக் கனம் வெறும் சுமை. அவர் மெல்லிய குழலையே வாங்க வேண்டும்.

நாங்கள் பார்க்கப் போன ரைபிள் ஜெர்மனியில் செய்தது. சொந்தக்காரர் வயோதிகர், மரக்கட்டைக்கு எண்ணெய் பூசி மினுக்கி வைத்திருந்தார். புது ரைபிளின் விலையில் முக்கால் பங்கு கேட்டார்.

பெண் மினுக்கைப் பார்க்கவில்லை. தோட்டா இல்லை என்று நிச்சயித்துக்கொண்டு, போல்ட்டைக் கழற்றிக் குழலை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். "சித்தப்பா, உள்ளே துருப்பள்ளம் இல்லை. வாயைப் பாருங்கள்" என்றாள். குழல்வாயின் விளிம்பில் ஓரிடம் தேய்ந்திருந்தது. இவ்வகை ரைபிளில் மிருதுவான ஈயக் குண்டு குழலை எளிதில் தேய்ப்பதில்லை. துப்புரவு செய்கிறேன் என்று முன்புறமாகக் கம்பியைச் செலுத்துகிறவர்களே தேய்த்துவிடுகிறார்கள்!

விலைக் கணக்கு இங்கேதான் ஆரம்பமாகிறது. உள்ளே துருப்பள்ளம் இருந்தால் புதுக் குழலின் முழுச் செலவையும் கழிக்க வேண்டும். விளிம்பு மட்டும் பழுதென்றால் கம்மியரிடம் சிறிது கடைந்து கொண்டால் போதும். அந்தக் கூலியைக் கழித்தால் நியாயம். பின்பக்கக் குறிகாட்டி இல்லாவிட்டால் அதன் விலை. கட்டையில் விரிசல் கண்டால் அதற்கும் ஒரு தொகை. விற்கிறவர் அதன்மேல் வைத்திருக்கும் பாசத்துக்கு மட்டும் கணக்கில் இடமில்லை.

"பெயருக்கு ஒன்றும் கிடையாதா, அம்மா?" என்று கேட்டார் கிழவர்.

"பெயர் சுடாதே, தாத்தா" என்றாள்.

அவர் சிரித்துவிட்டார். சங்கத்து மைதானத்தில், மணல் மூட்டைமேல் தாங்கி, இரண்டு விதத் தோட்டாக்களில் பத்துப் பத்தாகச் சுட்டுப் பார்த்தாள். ஒவ்வொரு குழலுக்கும் ஒத்துப்போகும் தோட்டா வேறு. முதல் விதத்தில் துளைகள் சிதறின. இரண்டாவதில் பத்தும் ஒரே கிழிசலாய் நடு வட்டத்தை ஒட்டி விழுந்தன. விளிம்பு தேய்ந்தும் இப்படி!

கேட்டதில் ஆறில் ஒரு பங்கு குறைத்துப் பேசி முடித்தோம். இன்னும் குறைத்திருக்கலாம் என்கிறார் தமையனார். எனக்கு அது நியாயமாகத் தோன்றவில்லை. விற்பனை எண்ணத்தை எழுத்து மூலம் போலீஸ் ஸ்டேஷனுக்குத் தெரிவித்து நாற்பத்தைந்து நாள் பொறுக்க வேண்டும் என்பது சட்டம். பதினெட்டு நாள் ஆயிற்று. பெண் காலண்டரில் தினமும் ஒரு கோடு கிழிக்கிறாள்.