பத்து நிமிச வேலை

இரும்பு கொல்லருக்கு, மரம் தச்சருக்கு, வெண்கலம் கன்னாருக்கு, பொன் தட்டாருக்கு, கல் கல்தச்சருக்கு என்று பொருளையே சாதிக்குச் சாதி பங்கு போட்ட நாடு இது. நமக்கு விட்டது செத்த மாட்டுத் தோலும் அடுத்தவன் வயல் சேறும்.

இந்தப் பங்கீட்டில் வராத உலோகம் அலுமினியம். 1886-ல்தான் அதை மலிவாகப் பிரித்தெடுக்கும் வழி தெரிந்தது. சென்னைக் கலைத்தொழில் பள்ளியில் ஆல்பிரட் சாட்டர்டன் 1898-ல் அலுமினியப் பாத்திர வேலையைத் தொடங்கி வைத்தார். எந்தச் சாத்திரத்திலும் இதற்கு விதி கிடையாது. ஆனாலும் சாதி சும்மா இருக்குமா? 1930-ல் ராமநாதபுரத்தில் ஆதிக்கச் சாதியார் நம் சனங்களுக்குப் போட்ட எட்டுத் தடைகளில், மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது என்பதும் ஒன்று. 1935-ல் குஜராத்தில் உலோகக் குடத்தில் தண்ணீர் எடுத்த நம் பெண்களை அடித்ததை அம்பேத்கர் எழுதியிருக்கிறார். பிறகு டீக்கடைகளில் அவர்களுக்குக் கண்ணாடி கிளாஸ், நமக்கு நசுங்கின அலுமினியக் குவளை என்று இந்த உலோகத்துக்கும் ஒரு சாதியைக் கொடுத்துவிட்டார்கள்.

என் தம்பி ஐ.டி.ஐ. படித்தவன். அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் தெருவில் அம்பேத்கர் படிப்பகம் இருக்கிறது. அதன் கதவுக்குப் பூட்டு வைக்க, கனமான அலுமினியத் தகட்டில் காடி எடுக்க வேண்டியிருந்தது. மில்லிங் மிஷின் உள்ள ஒரு பட்டறைக்குப் போனான். "எந்தத் தெருலே?" என்று கேட்டார்கள். சொன்னான். "வேல கெடக்கு, பொறவு வா." மூணு தடவையும் அதே பொறவுதான்.

"மிஷின் இல்லாட்டி என்னக்கா, ஆசாரிமார் மரத்துக்கு வச்சிருக்க ரூட்டர் இருக்குல்லா" என்றான். பழைய ரூட்டர் ஒன்று வாங்கி வந்து வீட்டு முற்றத்திலேயே வேலையை ஆரம்பித்தான். மர மிஷினில் உலோகமா என்று அம்மா பதறினாள். அலுமினியம் மெத்தென்ற உலோகம். கார்பைடு பிட் அதைச் சீவிவிடும். அவசரம்தான் ஆகாது. தகட்டைப் பலகையோடு சி-கிளாம்ப் போட்டு இறுக்கினான். ஓரத்தில் நேரான கட்டை ஒன்றைப் பொருத்தி, அதை ஒட்டியே ரூட்டரை ஓட்டினான். ஒரு ஓட்டத்துக்கு அரை மில்லிமீட்டர் ஆழம், அவ்வளவுதான். கூட இறக்கினால் பிட் கடித்துக்கொண்டு மிஷின் கையை விட்டுத் துள்ளும். சூடேறினால் துருவல் பல்லில் அப்பிக்கொள்ளும். அதற்காக மெழுகுவர்த்தியைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். துருவல் ஊசி ஊசியாகச் சூட்டோடு பறந்தது. கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்கு அடைப்பான் எல்லாம் உண்டு. கையுறை மட்டும் போடவில்லை, சுழல்கிற பிட் அதை இழுத்துக்கொள்ளும் என்றான்.

பொழுது அடைய காடி முடிந்தது. பூட்டு கச்சிதமாக உட்கார்ந்தது. படிப்பகத்துக்கு வந்த தோழர் ஒருவர், "நம்ம பையன் திறமையப் பாருங்க" என்று பூரித்துப்போனார். எனக்கு அப்படிப் பூரிக்க மனசு வரவில்லை. மிஷினில் அது பத்து நிமிச வேலை. பத்து நிமிசத்தை ஒரு பகலாக்கியது எது? அலுமினியத்தின் குணம் அல்ல, தெருவின் பேர். வாசல் அடைத்தவனை விட்டுவிட்டு, சுவர் ஏறிக் குதித்தவனின் காலைப் பாராட்டுவது யாருக்கு வசதி?

எங்கள் தெருப் பையன்கள் நாலு பேரும் பெண்பிள்ளை ஒருத்தியும் இப்போது தம்பியிடம் கிளாம்ப் போடப் பழகுகிறார்கள். பழகட்டும். ஆனால் கடன் கேட்டுப் போனால் நமக்கு ஆட்டையும் மாட்டையும்தான் காட்டுகிறார்கள். இனி மில்லிங் மிஷின் கேட்போம். அதை ஓட்ட மும்முனை மின்சாரம் கேட்போம். அதை நிறுத்தி வைக்க, கடைத்தெருவிலேயே இடம் கேட்போம்.