சாமிக்குக் குதிரை, லாடத்துக்கு ஆளில்லை

கிண்டி ரேஸ் கோர்ஸுக்கு அரசு சீல் வைத்த 2024 செப்டம்பரிலிருந்து எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நான் ஒருவன்தான் குதிரைக் கட்சி. 160 ஏக்கர் நிலம், பல நூறு கோடி வாடகை பாக்கி. அந்த இடத்தில் பூங்காவும் குளமும் வந்தால் எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை. ரேஸில் வீட்டைத் தொலைத்தவர்கள் கதை எங்கள் தெருவிலும் உண்டு. என்னைச் சீண்டியது சித்தப்பா மகன் போட்ட ஒரு வரி: “நீ மெல்போர்ன்ல உக்காந்துட்டுப் பேசுவண்ணா. குதிரைக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? வெள்ளக்காரன் உட்டுட்டுப் போன சூதாட்டந்தான அது?”

இதை எழுதியவன் அந்தியூர்க்காரன். ஆடியில் குருநாதசாமி பண்டிகை கூடினால் புதுப்பாளையத்தில் மாட்டுக்கும் குதிரைக்கும் நடுவே கால் வைக்க இடமிருக்காதே, அந்த ஊரில் பிறந்தவன்! காட்டியவாடியையும், காது நுனிகள் ஒன்றையொன்று தொடுகிற மார்வாரியையும், மேளம் கேட்டதும் முன்னங்காலைத் தூக்கி ஆடும் ஆட்டக் குதிரையையும் நாங்கள் சேர்ந்துதான் வாய்பிளந்து பார்த்தோம். அப்பா மாட்டு வரிசையில் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசிக்கொண்டிருப்பார். நான் குதிரை வரிசையை விட்டு நகர மாட்டேன். தரகர் நெற்றியிலும் கழுத்திலும் மயிரைத் தடவிச் சுழி பார்ப்பார். இந்தச் சுழி குடும்பத்துக்கு ஆகும், அது ஆகாது என்று பேச்சு நீளும். ஒரு வியாபாரி கடிவாளத்தை என் கையில் கொடுத்து, “பயப்படாத சாமி, பின்னால மட்டும் போயராத” என்றார். அன்றைக்குப் பிடித்த கிறுக்கு இன்னும் விடவில்லை.

ஆனால் சுழி பார்த்த அத்தனை பேரில் குளம்பைத் தூக்கிப் பார்த்தவர்கள் குறைவு. ஊரில் ஓடிய ஜட்கா குதிரைகளுக்கு, காளைக்கு லாடம் கட்டுகிறவரே லாடம் கட்டினார். புளியமரத்தடிதான் பட்டறை. கயிற்றைச் சுற்றி இழுத்து ஒரு காளையைக் கண்மூடித் திறப்பதற்குள் பக்குவமாய்ச் சாய்க்கத் தெரிந்த மனிதர். பிளவுக் குளம்புக்கு இரண்டு தகடு, ஒற்றைக் குளம்புக்கு வளையம் என்று கண்ணாலேயே அளவெடுப்பார். அவர் கூலியைக் கையில் கொடுக்காமல் திண்ணை ஓரத்தில் வைத்துவிட்டுப் போவார்கள். திண்ணையில் அவரை யாரும் உட்காரச் சொல்லி நான் கேட்டதில்லை. பிள்ளைகள் யாரும் அந்தத் தொழிலுக்கு வரவில்லை, ஏன் வரப்போகிறார்கள்?

இங்கே ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில், வாரக் கடைசியில் ஒரு குதிரைப் பண்ணைக்கு லாயம் கூட்டப் போகிறேன். சம்பளம் கிடையாது. கம்ப்யூட்டர் வேலைக்காரன் லத்தி அள்ளப் போவதை என் மனைவி இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. அவளுக்குச் சொல்வதையே உங்களுக்கும் சொல்கிறேன்: நான் போவது அங்கே லாடம் அடிக்க வரும் ஒரு பெண்ணின் வேலையைப் பார்க்க. முப்பது வயது இருக்கும். பிக்அப் வண்டியின் பின்னால் கேஸ் உலை, பட்டறைக்கல், விதவிதமான அரம். முதலில் குதிரையை நடக்கவிட்டுப் பார்ப்பார். பிறகு காலைத் தூக்கித் தன் தொடைகளுக்கு இடையில் இடுக்கிக்கொள்வார். பழைய ஆணிகளைப் பிடுங்கி, வளர்ந்த குளம்பை வெட்டி, அரத்தால் சமன் செய்வார். பழுக்கக் காய்ச்சிய லாடத்தைக் குளம்பில் ஒரு நொடி வைத்து எடுத்தால் முடி கருகும் நாற்றத்தோடு புகை கிளம்பும்; குதிரைக்கு வலிக்காது. ஆணி உணர்ச்சியில்லாத வெளிச்சுவரில்தான் ஏற வேண்டும். சற்று உள்ளே போனாலும் குதிரை நொண்டும். வெளியே எட்டிப் பார்க்கும் முனையை முறுக்கி ஒடித்து மடக்கிவிட்டு அடுத்த கால்.

குளம்பு மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். அதனால் ஆறேழு வாரத்துக்கு ஒருமுறை இந்த அம்மா வந்தே ஆக வேண்டும். பண்ணை முதலாளி தன் விடுமுறையை இவர் தேதி பார்த்துத்தான் போடுகிறார். இதற்கு முறையான தொழிற்பயிற்சி இருக்கிறது, சான்றிதழ் இருக்கிறது. வேலை முடிந்ததும் எல்லோரோடும் ஒரே மேசையில் காப்பி. இந்த நாட்டில் நான் பொறாமைப்படுவது ரயிலைப் பார்த்தும் இல்லை, ரோட்டைப் பார்த்தும் இல்லை. இந்தக் காப்பியைப் பார்த்துத்தான்.

சம்பந்தம் என்ன என்று கேட்ட தம்பிக்கு ஒரு பழைய கணக்கு. 13-ம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகள் கடல்வழி வந்து இறங்கியதையும், பேணத் தெரியாமல் அவற்றில் பெரும்பாலானவை செத்ததையும் எழுதியிருக்கிறார். விற்க வந்த வியாபாரிகள் குதிரை வைத்தியம் தெரிந்தவர்களை இங்கே வரவிடவில்லையாம். பழையது செத்தால்தானே புதியது விற்கும்! குதிரை வாங்கக் கொடுத்த பணத்தைக் கோயிலுக்குச் செலவழித்த மாணிக்கவாசகர் கதையை நினைத்தால், பாண்டியன் கஜானா எதற்குக் காலியானது என்று புரிகிறது. புதுக்கோட்டைப் பக்கம் குளமங்கலத்தில் அய்யனாருக்கு 33 அடியில் குதிரைச் சிலை வைத்துக் காகித மாலைகளால் மூடுகிறோம். உயிருள்ள குதிரை தார் ரோட்டில் வழுக்கி விழுந்தால் சாட்டையை எடுக்கிறோம்.

இதற்காக வெள்ளைக்காரனிடம் குதிரை தப்பித்தது என்று நான் சொல்ல மாட்டேன். நவம்பர் முதல் செவ்வாய் மெல்போர்ன் கப் பந்தயத்துக்கு இங்கே அரசு விடுமுறை. 2020-ல் அந்தப் பந்தயத்தில் கால் ஒடிந்த ஆந்தனி வான் டைக் என்ற குதிரையை ஊசி போட்டுக் கொன்றார்கள். அடுத்த ஆண்டும் தொப்பியும் ஷாம்பெயினுமாகக் கூட்டம் வந்தது. ஃபார் லாப் என்ற பந்தயக் குதிரையின் இதயம் கான்பெராவில், தோல் மெல்போர்னில், எலும்புக்கூடு நியூசிலாந்தில் காட்சிக்கு இருக்கிறது. முதல் உலகப் போருக்கு 1,30,000-க்கும் மேல் குதிரைகளை அனுப்பிய இந்த நாடு ஒன்றே ஒன்றைத்தான் திரும்பக் கொண்டுவந்தது. கோஸியஸ்கோ மலையில் காட்டுக் குதிரைகளை ஹெலிகாப்டரிலிருந்து சுட்டிருக்கிறார்கள். காட்டைக் காப்பாற்ற என்று காரணம் சொன்னார்கள். அதில் நியாயம் இருக்கலாம். சந்தையில் விலைபோகாத கிழக்குதிரையைக் கோயிலுக்கு விட்டுப்போன எங்கள் ஊர்க்காரர் அப்போது எனக்குப் பெரிய மனிதராகத் தெரிகிறார்.

“இந்தியாவில் குதிரை உண்டா?” என்று ஒரு மெல்போர்ன் கப் நாளில் சக ஊழியர் கேட்டார். உங்கள் நியூ சவுத் வேல்ஸ் குதிரைகள் 19-ம் நூற்றாண்டில் கப்பலேறி எங்கள் மதராஸிலும் இறங்கின, ஓசூர் மத்திகிரியில் படைக்குதிரைப் பண்ணையே இருந்தது என்றேன். நம்பவில்லை.

இரண்டு நாட்டுக்கும் குதிரை மேல் பிரியம் உண்டு. அவர்களிடம் அந்தப் பிரியத்தோடு தொழிலும் இருக்கிறது. நம்மிடம் பக்தி மட்டும் இருக்கிறது. கிண்டி லாயங்களில் லாடம் அடித்தவர்கள் வேறு வேலைக்குப் போவதற்குள் கால்நடைப் பல்கலைக்கழகம் அவர்களைக் கூப்பிட்டு இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுக்கச் சொல்லலாம். கற்றவர்கள் ஆடிப் பண்டிகையில் குளம்பு முகாம் போடலாம். பந்தயம் இல்லாமலும் இந்தத் தொழில் பிழைக்கும்.

அடுத்த ஆடிக்கு அந்தியூரில் குதிரை வாங்கப் போகிறவர்களே, சுழியை அப்புறம் பாருங்கள். முதலில் நான்கு காலையும் தூக்கிக் குளம்பைப் பாருங்கள். அடுத்த லாடத்தை யார் அடிப்பார் என்று விசாரித்துக்கொண்டு, அதற்குப் பிறகு துண்டுக்குள் கையை விடுங்கள்.