எஞ்சினுக்குள்ளே ஒரு மார்ஜின்

2023-ல் அக்கா எடுத்த சீட்டுப் பணத்தில் எழுபதாயிரம் ரூபாய் ஒரு பழைய எஸ்டீம் காரின் எஞ்சினுக்குள் போனது. பணம் என் கை வழியாகத்தான் போயிற்று. "நீ பேங்குல இருக்கறவன். பார்த்துப் பார்த்துக் கொடு கண்ணு, அவன் கையில மொத்தமா குடுத்துராதே" என்று கோயமுத்தூரிலிருந்து அக்காவின் உத்தரவு.

'அவன்' என்பது அக்கா மகன். இங்கே புனேயில் இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம். ஞாயிற்றுக்கிழமையானால் நம்ம வீட்டு சாம்பாருக்கு ஆஜர். கூடப் படிக்கும் மூன்று பேரோடு சேர்ந்து ஒரு பழைய எட்டு வால்வு எஸ்டீமைப் பந்தயக் காராக மாற்றிக்கொண்டிருந்தான். கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஒரு கிளப் பந்தயத்தில் ஓட்டுவதுதான் திட்டம். எங்க ஊர்ப் பையன்களுக்கு இந்தக் கிறுக்கு பிறவியிலேயே உண்டு. கரிவரதன் மாருதி எஞ்சினைப் போட்டு ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் கட்டிய ஊராச்சே. அவர் 1995-ல் விமான விபத்தில் போய்விட்டார். 2003-ல் திறந்த ட்ராக்குக்கு அவர் பெயர்தான். (கொசுவத்தி போதும், விஷயத்துக்கு வருவோம்.)

பையன்கள் எஞ்சினில் செய்தது இரண்டு வேலை. ஒன்று, ரேஸ் கேம்ஷாஃப்ட். வால்வுகளை அதிக உயரத்துக்கு, அதிக நேரம் திறந்து வைக்கும். இரண்டு, சிலிண்டர் ஹெட்டைக் கொஞ்சம் சீவி கம்ப்ரெஷனைக் கூட்டியது. இரண்டுமே பவருக்காக. இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதில்தான் சிக்கல்.

பி.காம். படித்தவனுக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். பிஸ்டன் புகையை வெளியே தள்ளிக்கொண்டு உச்சிக்கு வரும்போது எக்ஸாஸ்ட் வால்வு இன்னும் முழுக்க மூடியிருக்காது. இன்டேக் வால்வு அதற்குள் திறக்க ஆரம்பித்திருக்கும். கொஞ்ச நேரம் இரண்டுமே திறந்திருக்கும். இதை ஓவர்லேப் என்கிறார்கள். அம்மாவின் தையல் மெஷினை நினைத்துக்கொள்ளுங்கள். ஊசி இறங்கி ஏற, அடியில் ஷட்டிலின் கொக்கி அதை உரசுகிற மாதிரி வந்து உரசாமல் போகும். டைமிங் ஒரு மயிரிழை தப்பினால் ஊசி முறியும். எஞ்சினில் முறிவது ஊசி அல்ல. வால்வு வளையும், பிஸ்டன் உடையும், சமயத்தில் ஹெட்டே போகும். 7,000 ஆர்.பி.எம்.மில் ஒவ்வொரு வால்வும் விநாடிக்கு 58 தடவை திறந்து மூடுகிறது.

ரேஸ் கேம் போட்டால் பிஸ்டன் உச்சிக்கு வரும் நேரத்தில் வால்வு இன்னும் கீழே இறங்கி நிற்கும். ஹெட்டைச் சீவினால் வால்வு மொத்தமாகவே பிஸ்டன் பக்கம் வந்துவிடும். போதாக்குறைக்கு, ஹெட் இறங்கினால் டைமிங் பெல்ட்டின் கணக்கு மாறி கேம் சற்றுப் பின்தங்கும். அப்போது எக்ஸாஸ்ட் வால்வு இன்னும் லேட்டாக மூடும், அதாவது பிஸ்டனுக்கு இன்னும் கிட்டே. அதைச் சரிக்கட்டத்தான் திருகி நகர்த்தக்கூடிய கேம் புல்லி போடுகிறார்கள்.

"கேம் வித்தவரே சொல்லிட்டாருங்க மாமா, அப்படியே போல்ட் போட்டு ஓட்டலாமாம்" என்றான் பையன். பந்தயத்துக்குப் பதினெட்டு நாள் இருந்தது. என்ட்ரி பணம் கட்ட வேண்டும், அந்தத் தவணை என் கையில்.

எஞ்சின் கட்டிக்கொண்டிருந்தது போசரியில் ஒரு சின்ன மெஷின் ஷாப். அதன் முதலாளியை எல்லோரும் காகா என்பார்கள். (மராத்தியில் சித்தப்பா. போனில் இதைக் கேட்டு என் அம்மா சிரித்த சிரிப்பு இருக்கிறதே!) காகா ஒரே பிடியாக நின்றார்: அளக்காமல் ஹெட்டை மூடமாட்டேன். நான் அவர் கட்சி. "அளந்து காட்டுடா, அன்னைக்கே பணம் தர்றேன்" என்றேன். பையன் முகம் தொங்கிப்போயிற்று. ஆனால் அது அக்காவின் பணம்.

அளக்கிற முறை அழகானது. என் பெண்ணின் பொம்மைக் களிமண் டப்பா அதற்குப் பலியானது. பிஸ்டன் தலையில் வால்வு வரும் இடங்களில் களிமண்ணைப் பட்டையாக ஒட்டி, வால்வில் ஒட்டாமல் இருக்க எண்ணெய் தடவி, ஹெட்டை வைத்து முழு இறுக்கம் கொடுத்து முடுக்கினார்கள். கேஸ்கெட் ஏற்கெனவே நசுங்கிய பழையதாக இருக்க வேண்டும். புதிதென்றால் கணக்குத் தப்பும். பிறகு கிராங்க்கில் ஸ்பானர் போட்டுக் கையால் நிதானமாக இரண்டு முழுச் சுற்று. எங்காவது முட்டினால் அமுக்கக்கூடாது, நிறுத்திவிட வேண்டும். ஹெட்டைக் கழற்றி, களிமண்ணை பிளேடால் அறுத்து, மெல்லிசான இடத்தை வெர்னியரில் பார்த்தார் காகா.

இன்டேக் 1.4 மில்லிமீட்டர். எக்ஸாஸ்ட் 0.9.

காகாவின் கணக்கில் இன்டேக்குக்குக் குறைந்தது 2, எக்ஸாஸ்ட்டுக்கு 2.5 வேண்டும். முட்டவில்லையே, அப்புறம் என்ன என்றுதான் பையன்கள் கேட்டார்கள். கையால் சுற்றும்போது முட்டவில்லை, அவ்வளவுதான். வேகத்தில் கனெக்டிங் ராட் கொஞ்சம் நீளும், பிஸ்டன் ஆடும், ஸ்ப்ரிங்குக்கு வேகம் போதாமல் வால்வு மிதக்கும். எக்ஸாஸ்ட் வால்வு சூட்டில் நீளவும் செய்யும். மூடப்போகிற அதைப் பிஸ்டன் பின்னாலேயே துரத்திக்கொண்டும் வரும். அதனால்தான் அதற்கு அரை மில்லி கூடுதல். ஸ்டாக்கின் மேல் கடன் கொடுக்கும்போது 25 சதவீதம் மார்ஜின் பிடித்தால் "சரக்கு கண்ணு முன்னாலதானே சார் இருக்கு" என்று சண்டைக்கு வருகிற வாடிக்கையாளர்கள் ஞாபகம் வந்தார்கள்.

தடித்த கேஸ்கெட் போடலாம், ஏற்றிய கம்ப்ரெஷன் இறங்கிவிடும். புது ஃபோர்ஜ்டு பிஸ்டன் செட் வாங்கலாம், அதற்கு அக்கா இன்னொரு சீட்டு எடுக்க வேண்டும். மிச்சம் இருப்பது, இருக்கிற பிஸ்டனிலேயே வால்வுக்குப் பள்ளம் வெட்டுவது.

வெட்டும் முன் காகா காயலான் கடையில் அதே ரகப் பழைய பிஸ்டன் ஒன்றை வாங்கிவரச் சொல்லி, ஹேக்ஸாவால் நடுவே இரண்டாகப் பிளந்தார். மேல் தலை எங்கே எவ்வளவு கனம், முதல் ரிங் பள்ளம் எங்கே வருகிறது எல்லாம் அப்பட்டமாகத் தெரிந்தது. வெட்டிய பிறகு எங்கும் 5 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது என்று கோடு போட்டார். எவ்வளவு சிக்கனமான ஆராய்ச்சி!

பிறகு கூராக்கிய கம்பியை வால்வு கைடு வழியே விட்டு, ஒவ்வொரு பிஸ்டனிலும் வால்வின் மையத்தைப் புள்ளி வைத்தார்கள். வால்வு எந்தச் சாய்வில் வருகிறதோ அதே சாய்வில் பிஸ்டனை மில்லிங் மெஷினில் பிடித்து, வால்வைவிட 3 மில்லிமீட்டர் அகலமான கட்டரால் வெட்டினார். எக்ஸாஸ்ட்டில் 1.7, இன்டேக்கில் 0.8 ஆழம். பள்ளத்தின் ஓரங்களைப் பையன்கள் கையாலேயே தேய்த்து மழுக்கினார்கள். கூர்முனை விட்டால் அது தணல் மாதிரி சிவந்து, ஸ்பார்க் வருவதற்கு முன்னாலேயே பெட்ரோலைப் பற்றவைத்துவிடுமாம். எடை பார்க்கத் தெருமுனை நகைக்கடைத் தராசு. நான்கு பிஸ்டனும் ஒரு கிராமுக்குள் வரும்வரை உள்பக்கம் சீவினார்கள்.

என் பங்குக்கு நான் செய்த ஒரே வேலை, கணக்கு. 1,298 சிசி, சிலிண்டருக்கு 324.5. கம்ப்ரெஷன் 10.5 என்றால் மேலே மிச்சமிருக்கும் இடம் 34.2 சிசி. பள்ளங்களை ப்யூரெட்டில் அளந்தபோது 1.2 சிசி வந்தது. ஆக 35.4, கம்ப்ரெஷன் 10.2-க்கு இறங்கும். "இவ்வளவுதானா மாமா இழப்பு?" என்றான். இவ்வளவுதான்.

ஆனால் அந்தப் பந்தயம் போயே போயிற்று. நால்வரில் ஒரு பையன் கோபித்துக்கொண்டு விலகினான். இவனும் இரண்டு ஞாயிறு சாப்பிட வரவில்லை. அக்காவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை.

நவம்பரில் வேறொரு பந்தயத்தில் கோவையில் ஓடினார்கள். பதினோரு காரில் ஆறாவது. நான் லீவு கிடைக்காமல் போகவில்லை. அக்கா போயிருந்தாள், காதில் பஞ்சு வைத்துக்கொண்டு.

திரும்பி வந்ததும் காகா ஹெட்டைக் கழற்றினார். மூன்றாவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் பள்ளத்தில், கரி படிந்த கறுப்பின் நடுவே பிறை நிலா மாதிரி மெல்லிய பளபளப்புக் கோடு. கரியை மட்டும் துடைத்திருந்தது, உலோகத்தில் கீறல் இல்லை. காகா ஒன்றும் பேசாமல் டார்ச்சை அவனிடம் நீட்டினார்.

"கடைசி லேப்ல நாலாவதுக்குப் பதிலா ரெண்டாவது கியர் விழுந்துருச்சுங்க மாமா" என்றான் மெதுவாக. "அம்மாகிட்ட சொல்லிராதீங்க."

இப்போது கேம் புல்லியை இரண்டு டிகிரி முன்னே தள்ளலாமா, கனமான ஸ்ப்ரிங் போடலாமா என்று இருவரும் மராத்தியில் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள். ஸ்ப்ரிங் என்ன விலை என்று நான் கேட்டு வைத்திருக்கிறேன்.